வினாடிக்கு இத்தனை மீட்டர்

தார்த்து நகரில், ஜனவரியில்,
காலை எட்டு மணி என்பது இன்னும் இரவு.
கேர்த்து வருகிறாள். ஆறடி இரண்டங்குலம்.
இடிக்காத நிலைக்கும் பழக்கத்தில் குனிகிறாள்.
பனிக்காலணியைக் கழற்ற
வலக்காலை நம்பாமல் சுவரைப் பிடிக்கிறாள்.
உர்வே பார்த்துவிட்டாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"எந்தக் கால்?"
"இரண்டும். தார்மோ எண் கேட்டார்."
"வலி?"
"இல்லை."
கொஞ்சம் சீக்கிரமாகவே வந்த இல்லை.
சனிக்கிழமை பர்னுவில் ஆட்டம்.
வலைக்கு நடுவில் நின்று தடுக்க
அணியில் இவளைவிட உயரம் யாருமில்லை.

முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு.
முப்பது பாகை மடக்கு; உர்வே
கண்ணை நம்பாமல் பாகைமானி வைக்கிறாள்.
ஜெல் சில்லென்று இறங்குகிறது.
வெளியே கழித்தல் பதினேழு. இதற்கெல்லாம்
இந்த ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கருவியைப் பிடிக்கும் கைக்கு எடை இருக்கக் கூடாது.
கொஞ்சம் அழுத்தினாலும்
தளர்ந்த தசைநாண்கூட இறுகிக் காட்டும்.
பத்தொன்பது வருடமாக உர்வே
தொட்டும் தொடாமலும் பிழைக்கிறாள்.

காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போய்
இழைகளை ஒரு தள்ளு தள்ளுகிறது.
தள்ளிய இடத்திலிருந்து குறுக்கே ஓர் அலை,
இளகிய இடத்தில் நடந்து,
இறுகிய இடத்தில் பறந்து.
அதன் வேகத்துக்கு இயந்திரம் நிறம் பூசுகிறது:
இறுக்கம் சிவப்பு, இளக்கம் நீலம்.

நாண் என்கிறோம் நாம்.
வில்லில் ஏறுவதற்கும் அதே சொல்,
பொய் சொன்ன முகத்தில் ஏறுவதற்கும்.
கேர்த்துவின் மொழியில் அது வேறு ஏதோ.
அவள் விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறாள்.

முதலில் வலது.
சில்லு எலும்பின் கீழ் நுனியிலிருந்து
கீழே எலும்பில் ஊன்றும் இடம்வரை
ஒரே சீரான சிவப்பு.
எட்டு புள்ளி இரண்டு. எட்டு புள்ளி நான்கு. எட்டு புள்ளி ஒன்று.
உர்வே சுவரைப் பிடித்த கையை நினைக்கிறாள்.
வலிக்கும் என்று நினைத்த காலில்
திரைக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு இடது, ஒன்றுமே கேட்காத கால்.
நுனிக்கு அருகில்
அவரை விதை அளவு நீலம்.

கருவியை எடுத்துத் துடைத்து
மறுபடி வைக்கிறாள். நீலம்.
துண்டைச் சரிசெய்து, பாகையை அளந்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி.
நான்கு புள்ளி ஒன்பது.
"ஏன் இத்தனை தடவை?"
"கை நடுங்கியது," என்கிறாள் உர்வே,
இன்றைய காலையின் இரண்டாவது பொய்.

சன்னலுக்குக் கீழே எமயிகி உறைந்து கிடக்கிறது.
சறுக்கிப் போகிறவர்கள் அதைக் காதால் அளப்பார்கள்:
கீச்சென்றால் பனி மெலிது, கரைக்குத் திரும்பு;
அடித்தொண்டையில் உறுமினால் தடிப்பு, போகலாம்.
நடுவிலும் ஓர் ஓசை உண்டு.
அப்போது எல்லோரும் நின்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

தொலைபேசியில் தார்மோ.
எண்களைச் சொல்கிறாள்.
"அப்படியென்றால் ஆடலாமா?"
"வேகம்தான் தெரியும் எனக்கு.
மருத்துவர் பதினொன்றுக்கு வருவார்."
"வலது நன்றாக இருக்கிறது, இல்லையா?"
"வலது நன்றாக இருக்கிறது.
அவளிடமும் ஒரு தடவை கேளுங்கள்."

கேர்த்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டு
திரையில் அந்த நீலத்தைப் பார்க்கிறாள்.
"அது எனக்கு வலிக்கவே இல்லையே,"
கிட்டத்தட்ட கோபமாக.
பிறகு தணிந்து,
"வலிப்பது மற்றது."
உர்வே பேனாவை எடுக்கிறாள்.
"குறிப்பில் போடட்டுமா?"
அதற்குள் அவள் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள்,
இம்முறை உட்கார்ந்து.

கதவு சாத்திய பிறகு நடைபாதையில் ஒரு நிசப்தம்.
ஓடிவரும் இரண்டு எட்டு.
விளக்கை எட்டித் தொட்டிருக்க வேண்டும்,
கண்ணாடி கிணுங்கியது.
அப்புறம் தரை:
டப், டப்.
ஒன்றாக இறங்க வேண்டிய இரண்டு கால்கள்.
எது முதலில் என்று
சுவருக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.